பிளாக் இருபதில் நடக்காத வளைகாப்பு

ஞாயிறு காலை ஏழே முக்காலுக்கு நெல்லிக்குப்பத்தில் பேருந்து ஏறினேன். பண்ருட்டி வரை டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மடியில் ஒரு எவர்சில்வர் தட்டு. வாழைப்பழம், ஆப்பிள், பூ, வெற்றிலை பாக்கு, ஒரு வெள்ளை வேட்டி. மேலே ஜிகினா வலை போட்டுக் கட்டியிருந்தேன்.

என் தம்பி சேகர் நெய்வேலி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருக்கிறான். வயது முப்பத்தொன்பது. ஆண்களைத்தான் தனக்குப் பிடிக்கும் என்று அவன் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அவனோடு பேசுவதில்லை. நான் மட்டும் கணவருக்குத் தெரியாமல் போனில் பேசுவேன். போன வாரம் அவன் சொன்னான்:

"எங்க ஆளுங்க எல்லாம் சேந்து மொத மொதல்ல வானவில் விழா வைக்கறோம்க்கா. பதினோரு மணிக்கு ஒவ்வொருத்தரா மேடைக்குக் கூப்பிடுவாங்க. வூட்டு ஆளு ஒருத்தர் பக்கத்துல நின்னு சந்தனம் வைக்கணும். பொறந்த வூட்டு சீர் மாதிரி ஒரு தட்டு எடுத்துகினு வா. நீ ஒருத்தி வந்தா போதும்."

பல் டாக்டரிடம் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தட்டைப் பக்கத்து வீட்டில் வைத்திருந்து வாங்கிக்கொண்டேன்.

ஒன்பதே முக்காலுக்கு நெய்வேலி பேருந்து நிலையம். மந்தாரக்குப்பம் வண்டிக்கு நின்றிருந்தபோது, "அண்ணி!" என்று ஒரு குரல். என் கணவரின் சித்தி மகள் விஜயா. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவள்.

"என்னா அண்ணி, தட்டெல்லாம் எடுத்துகினு? யாரு வூட்டு விசேஷம்?"

"ஒரு வளைகாப்பு" என்றேன்.

"எங்க?"

"பிளாக் இருபது." வாயில் வந்த எண்ணைச் சொன்னேன்.

"அட, எங்க பிளாக்குங்க! எனக்குத் தெரியாம யாரு அது மாசமா இருக்கறது?"

"புதுசா குடி வந்தவங்க."

அவள் விடவில்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். இருபுறமும் மரங்கள், ஒரே மாதிரி வீடுகள், அகலமான சாலை. நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் காபி, பிறகு இட்லி. அப்புறம் பீரோவைத் திறந்து இரண்டு டஜன் கண்ணாடி வளையல்களை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"என் பங்குக்கு அந்தப் பொண்ணு கையில போட்டு வுடுங்க. இவரு நைட் ஷிப்ட் பாத்துட்டுத் தூங்கறாரு. இல்லன்னா நானும் வந்திருப்பேன்."

வெளியே வந்தபோது மணி பதினொன்று பத்து. அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால், வேறு தெருவுக்குள் திரும்பி, சுற்றிக்கொண்டு நடந்தேன். எல்லாத் தெருவும் ஒன்று போலவே இருந்தது. வழி தவறி, பிரதான சாலைக்கு வந்து பஸ் பிடித்து மந்தாரக்குப்பம் சேரும்போது பன்னிரண்டு இருபது.

கடைத்தெருவில் மாடியில் ஒரு சின்ன மண்டபம். நாற்பது பேர் இருப்பார்கள். வண்ணக் காகிதம் தொங்கியது, பாட்டு ஓடியது. சேகர் நெற்றியில் சந்தனம் காய்ந்திருந்தது.

"முடிஞ்சிடுச்சாடா?"

"ரெண்டு தடவ பேர் கூப்பிட்டாங்கக்கா. அப்புறம் அதோ, விருத்தாசலத்துல இருந்து வந்த அம்மா, அவங்க பையனுக்கு வச்சிட்டு எனக்கும் வச்சாங்க."

தட்டை நீட்டினேன். வலையைப் பிரித்தான். அவன் நண்பன் ஒருவன் எட்டிப் பார்த்து, "டேய் சேகரு, உனக்கு எத்தினி மாசம்டா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சேகரும் சிரிக்கத்தான் ஆரம்பித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"வளைகாப்புன்னு சொன்னியா?"

தலையாட்டினேன்.

"யாரு கிட்ட?"

"விஜயாகிட்ட."

தட்டிலிருந்து அவன் வேட்டியை மட்டும் எடுத்துக்கொண்டான். வளையல்களை நண்பர்கள் ஆளுக்கு இரண்டாகப் பிரித்துப் போட்டுக்கொண்டார்கள். எனக்கு இலை போட்டு வடை, பாயசத்தோடு சாப்பாடு பரிமாறினான். அந்தச் சந்தனத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அதற்கு மேல் இன்னொரு பொட்டு வைக்கலாமா என்று தோன்றியது. கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எல்லோரும் பார்ப்பார்களே என்று வைக்காமல் விட்டேன்.

மூன்றரைக்கு என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தான். ஜன்னல் ஓரம் நின்று, "அடுத்த வருஷமும் வைப்பாங்கக்கா" என்றான்.

"வரேன்டா. சீக்கிரமே வரேன்."

"லேட்டா வந்தாலும் பரவால்ல. மாமாகிட்ட சொல்லிட்டு வா."

கண்டக்டர் விசில் ஊதினார். பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

நெல்லிக்குப்பத்திலிருந்து மந்தாரக்குப்பம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். மூன்று பஸ் ஏறி, வழி தவறியும் போய்ச் சேர்ந்துவிட்டேன். இதை அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் கணவர் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். நடுவில் எட்டடி இருக்கும். விழா முடிந்து ஒரு மாதமாகிறது, அவரிடம் சொல்ல இன்னும் எழுந்து போகவில்லை.