ஆமேர் கோட்டையில் ஒரு மஞ்சள் டி-ஷர்ட்

போன ஞாயிற்றுக்கிழமை ஜெய்ப்பூர் போயிருந்தோம். நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்... நம்புங்கள்!

திருப்பூர் நல்லூரில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. இந்தப் பத்தி எழுதுகிற நேரம் போக, செக்கிங் டேபிளில் நானும் நிற்பேன். கல்யாணமானதிலிருந்து நாங்கள் போன ஊரெல்லாம் நூல் வாங்க, மெஷின் பார்க்க. இந்தத் தடவையும் டெல்லியில் அவருக்கு ஒரு பையர் மீட்டிங்தான். "கூட ஒரு நாள் சேத்துக்கோங்க, நான் கோட்டை பாக்கோணும்" என்று ஒற்றைக் காலில் நின்றேன். கண்டிஷனும் போட்டேன்.

"ஏனுங்க, அன்னிக்குப் பூராவும் கம்பெனிப் பேச்சே ஆவாதுங்க. செல்லை ஆஃப் பண்ணிப்போடோணும். இல்லீன்னா இனி உங்ககூட எங்கீமு வர மாட்டேன்."

"செரி புள்ள" என்றார். எனக்கு நம்பிக்கையே இல்லை. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கும்போதே சட்டைக் கையைத் திருப்பித் தையல் பார்க்கிற மனுஷன்! அவர் மட்டுமா? எங்கள் ஊரில் முதலில் தையலைப் பார்ப்போம், அப்புறம்தான் ஆளை.

ஜீப்பில் மலை ஏறினோம். ஆமேர் கோட்டை! அடேயப்பா, எவ்வளவு பெரிய வாசல், எத்தனை முற்றம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரோ கைடைப் பிடித்துக்கொண்டு, மலைக்கு மேல் தண்ணீர் எப்படி ஏற்றினார்கள், ராணிகளுக்கு எத்தனை அறை என்று கேள்வி மேல் கேள்வி. இவரா?!

கண்ணாடி மாளிகைக்கு வந்தோம். சுவரெல்லாம் கண்ணாடிச் சில்லுகள். ஒரு சில்லில் அவர், பக்கத்துச் சில்லில் நான். எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட இவ்வளவு ஒட்டி நின்றதில்லை.

அப்போதுதான் எனக்கு முன்னால் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் மேல் அந்த டி-ஷர்ட். மாம்பழ மஞ்சள், கழுத்துப் பட்டி மட்டும் கத்தரிப்பூ கலர். 'இதை எந்த மகராசி போடப்போறாளோ' என்று செக்கிங் டேபிளே சிரித்த ஆர்டர். போன வருஷம் எங்களிடமிருந்து கப்பல் ஏறியது. தைத்து முடித்த பீஸ் பெட்டிக்குள் போவதைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு உடம்பில் ஏறி, நடந்து, சிரித்து... பார்த்ததே இல்லை!

கை தானாகப் போய்விட்டது. கீழ் மடிப்பைத் திருப்பி உள்தையலைப் பார்த்தேன்.

"ஏனுங்க! நம்ம பீஸுங்க! நம்ம கம்பெனி பீஸு!"

அந்த வெள்ளைக்காரப் பெண் அரண்டுபோய்த் திரும்பினாள். "சாரி... திஸ்... வீ மேக்! ஹீ பேக்டரி!" என்று அவரைக் காட்டி உளறினேன். புரிந்ததும் அவளுக்கு ஒரே சிரிப்பு. எந்த ஊருக்குக் கிளம்பினாலும் முதலில் இதைத்தான் எடுத்து வைப்பாளாம். எங்கள் இருவரையும் இழுத்து நிறுத்தி போட்டோவும் எடுத்துக்கொண்டாள்.

அவள் போனபிறகுதான் உறைத்தது. கண்டிஷனை உடைத்தது நான்! அசடு வழிந்தபடி கேட்டேன்.

"நீங்க பாக்கவே இல்லீங்களா?"

"கீழ டிக்கெட் எடுக்கறப்பவே பாத்துட்டேன் புள்ள. அடக்கி அடக்கி எனக்கு வவுறே வலிச்சுப்போச்சு."

"அப்புறம் ஏனுங்க சொல்லலை?"

"இன்னிக்கு உன்ற நாளாச்சே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ராணிக்கு அரண்மனை கட்டிக்கொடுத்த ராஜாக்களே... கொஞ்சம் ஓரமாக நில்லுங்கள்!