டொக்... டொக்

போன ஞாயிறு மத்தியானம் ஒரு பழைய பேய் வீட்டுப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு வெள்ளை. எனக்கு இந்தப் பைத்தியம் உண்டு என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

நல்ல பேய் வீட்டுப் படத்தில் பேய் சீக்கிரம் வராது. சுவருக்குள் 'டொக்... டொக்' என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? தெரியாது — பயமே அதுதான். முகத்தைக் காட்டிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

டொக்... டொக்.

இது படத்தில் இல்லை. எங்கள் சுவரில். அன்னவாசலில் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். என் டிவி சத்தம் கூடினால் செல்வி இரண்டு தட்டு தட்டுவாள், நான் குறைப்பேன். எங்களுக்குள் அது வழக்கம்.

குறைத்தேன். மறுபடியும் தட்டினாள்.

"கொறைச்சாச்சுடி! இன்னும் என்ன, ஊமைப் படமா பாக்கச் சொல்ற?" என்று கத்தினேன்.

தட்டுவது நின்றது. நான் படத்தை முடித்தேன்.

சாயங்காலம் பால் ஊற்ற வந்தவர்தான் முனகல் கேட்டுப் பூட்டை உடைத்தார். செல்வியின் புருஷன் அவளை இரும்புக் குழாயால் அடித்து, வீட்டை வெளியே பூட்டிவிட்டுப் போயிருந்தான். கை முறிந்திருந்தது. தாடையில் விழுந்த அடியில் அவளால் கத்தக்கூட முடியவில்லை.

தெருவே கூடி நின்றது. "அவன் அடிக்கிறவன்னு தெரியும்ல? இவ ஆத்தா வீட்டுக்குப் போயிருக்க வேண்டியதுதானே?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

பேய்ப் படம் பார்க்கிற எல்லோரும் கேட்கிற அதே கேள்வி. ஏன் அந்த வீட்டை விட்டு ஓடவில்லை? பூட்டின வீட்டை விட்டு எப்படி ஐயா ஓடுவது? அவன் அடிப்பான் என்று தெரிந்த நாம் என்ன கிழித்தோம்?

நேற்று புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தேன். வீக்கம் வடிந்து இப்போதுதான் பேசுகிறாள்.

"டிவி சத்தம் கேட்டுச்சுக்கா. நீங்க இருக்கீங்கன்னு தட்டுனேன். சத்தத்தைக் கொறைச்சீங்களா... சரி, கேட்டுருச்சு, அக்கா வாராங்கன்னு நெனச்சேன். அப்பறம் திட்டுனீங்க..."

சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாததுதான் பயம் என்றேனே. அவளுக்கு அந்தப் பக்கம் இருந்தது நான்.

சுவரில் தட்டினால் ரிமோட்டைத் தேடாதீர்கள். போய்ப் பார்க்கச் செருப்பைத் தேடுங்கள்.