நான் ஜெபித்த ஆல்பம்

கிறிஸ்தவ ராக், மெட்டல் என்று எந்தப் புது ஆல்பம் வந்தாலும் அன்றைக்கே கேட்டுவிடுவேன். பெரியநாயக்கன்பாளையத்தில் பஸ் ஏறி ஹெட்போனை மாட்டினால், காந்திபுரம் வருவதற்குள் பாதி ஆல்பம் முடிந்திருக்கும். போன மாதம் வந்ததை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அது என் நண்பனுடையது. சபைப் பாடகர் குழுவில் இருவரும் சேர்ந்துதான் கிட்டார் வாசித்தோம். மெட்டல் என்று ஒன்று இருப்பதையே அவனுக்கு நான்தான் காட்டினேன்.

கடைசியில், குறை கண்டுபிடிப்பதற்காகவே கேட்டேன். டிரம்ஸ் சத்தம் அதிகம் என்று முடிவு கட்டும்போதே என் கால் தானாகத் தாளம் போட்டது. எரிச்சலில் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல அவன் அம்மா எழுந்தார்.

"எம் பையன் பாட்டு வெளிய வந்துருக்குதுங்க. அவன் கத்துறது எனக்கொண்ணும் புரியலீங்க. ஆண்டவருக்குப் புரிஞ்சாச் சரிங்க."

சபையே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் சபையில் ஒருவருக்கு நல்லது நடந்தால், அவருக்கு நெருக்கமானவர்தான் எழுந்து ஜெபிக்க வேண்டும். போதகர் என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்கதானுங்களே அவருக்கு நெருக்கம். ஒரு ஜெபம் பண்ணிப்போடுங்க."

எழுந்தேன். அந்த ஆல்பம் உலகமெல்லாம் போகவேண்டும், அவன் இன்னும் உயரவேண்டும் என்று ஜெபித்தேன். வயிற்றெரிச்சலில் குரல் நடுங்கியது. அவன் அம்மா அதைப் பாசம் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே" என்று முடித்தேன். சபை முழுவதும் "ஆமென்" என்றது.

நான் சொல்லவில்லை.