என் தட்டும் மேசைக்கு வந்தது

என் மகளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அவள் அழுத குளிர்காலத்தில், வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே படிப்பிக்கத் தொடங்கினேன். கொஞ்ச நாளில் அழுகை நின்றது. சாப்பாடும் நின்றுவிட்டது.

புட்டு, இடியப்பம், நெத்தலிப் பொரியல், கடைசியில் கடைப் பீட்சா. எதை வைத்தாலும் இரண்டு வாயோடு வயிறு நோகுது என்பாள். இங்கே நோர்வேயில், லோறென்ஸ்கூக்கில் உள்ள தமிழ்ச் சனம் முழுவதும் போனில் எனக்குப் புத்தி சொன்னது. "கொஞ்சம் அதட்டித் தீத்துங்கோ" என்றார்கள். அதட்டினேன், கெஞ்சினேன், குழைத்து வாயில் தீத்தினேன். கன்னத்துக்குள் அடக்கி வைத்திருந்து குளியலறையில் போய்த் துப்பினாள். அடுத்த முறையும் நிறை கூடாவிட்டால் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்க்கவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நித்திரையே இல்லை.

வீட்டுப் படிப்பைப் பார்வையிடக் கொம்யூன் என்ற நகரசபையிலிருந்து வந்தவர்தான் ஹொல்ம்லியாவில் நடக்கும் வகுப்பைப் பற்றிச் சொன்னார். வீட்டில் வைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் குடும்பங்களுக்குச் சத்துணவும் சமையலும் சொல்லிக்கொடுக்கிறார்களாம். எனக்கா சமையல் தெரியாது என்று கோபம் வந்தது. ஆனாலும் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். வேறு வழியெல்லாம் முடிந்து போயிருந்தது.

அன்று மீன் கேக். பிள்ளைகளே பிசைந்து, தட்டி, பொரித்தார்கள். பெற்றோர் கை வைக்கக்கூடாது. என் மகள் கரட் துருவினாள். விரலைத் துருவிவிடுவாளோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சாப்பாடு மேசைக்கு வந்ததும், வழக்கம்போல அவளுடைய கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்று அவள் வாயைப் பார்க்கத் தொடங்கினேன்.

வகுப்பை நடத்திய நோர்வேஜியப் பெண்மணி மகளுக்கு எதிரில் இன்னொரு தட்டை வைத்து, என்னையும் கதிரையில் இருக்கச் சொன்னார். நான் பிறகு சாப்பிடுகிறேன் என்றேன். எங்கள் வீட்டில் அப்படித்தான். எல்லாரும் சாப்பிட்டு எழும்பின பிறகு, அடுப்படியில் நின்றபடியே மிச்சத்தை வழித்து வாயில் போட்டுவிட்டுச் சட்டியைக் கழுவுவேன். பிள்ளை சாப்பிடாத நாட்களில் அதுவும் இறங்காது.

"நீங்கள் சாப்பிட்டு நான் கண்டதே இல்லை, அம்மா," என்றாள் மகள். வெளியே மழை பெய்கிறது என்பதைப்போல அதைச் சொன்னாள்.

எனக்கு முகம் எரிந்தது. கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். மீன் கேக்கில் ஒரு துண்டை வெட்டி வாயில் வைத்தேன். உறைப்பில்லை, புளிப்பில்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவளைப் பார்ப்பதுபோலவே. குளியலறைக்கு ஓடிப்போய்த் துப்பிவிடலாம் போலிருந்தது.

"சாப்பிட ஏலாதே, அம்மா?"

"ஏலும்," என்றேன். தண்ணீரைக் குடித்து விழுங்கிக் காட்டினேன்.

அவள் தன் தட்டில் ஒரு சின்னத் துண்டை வெட்டி வாயில் வைத்தாள். மெதுவாக மென்று விழுங்கினாள். இன்னொன்றை வெட்டி முள்ளுக்கரண்டியில் குத்திக்கொண்டு, என்னைப் பார்த்தபடி காத்திருந்தாள். என் தட்டில் இன்னும் ஒன்றரை மீன் கேக் கிடந்தது. நான் நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாள் என்ற பயத்தில் அடுத்த துண்டை எடுத்தேன்.