தயிர் அடுக்கில் ஒரு கார்ச் சாவி

ஐசலின் ஊரில் இருக்கும் என் மளிகைக் கடையின் பின்வாசலில் வெங்காய மூட்டை இறங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வேதமூர்த்தி சாரின் மகள் நித்யா. எப்போதும் ஆங்கிலத்தில் பேசுகிற பெண், அன்று தமிழில் சொன்னாள்: "அங்கிள், அப்பா போயிட்டார்." லாரிக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். யாருக்காகவும் நான் லாரியை நிறுத்தி வைத்தது கிடையாது.

உங்களில் பலருக்கு அவர் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மருந்துக் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். பொங்கல் விழாவில் மைக் கீச்சிட்டால் ஓடிப்போய்ச் சரிசெய்பவர். எனக்கு அவர் வாடகைக்கு இடம் கேட்டுத்தான் அறிமுகமானார்.

கடைக்குப் பின்னால் கல்யாணம், வளைகாப்புக்கென்று நான் ஹால் வைத்திருப்பது தெரியும் அல்லவா? அதன் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினார். கண்ணை மூடிக் கேட்டார். மூலைக்குப் போய் மறுபடி தட்டினார்.

"இந்த இடத்தை வாங்கும்போது கை தட்டிப் பார்த்தீங்களா, முதலாளி?"

"கூரை ஒழுகுதான்னு பார்த்தேன் சார்."

"அதுவும் வேணும்தான்" என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்.

இருநூற்றுச் சொச்சம் வருஷங்களுக்கு முன்பு ஐரோப்பாவில் ஒருவர் எழுதிய மூன்று கான்செர்ட்டோக்களை அங்கே பதிவு செய்யவேண்டும் என்றார். பியானோவின் மூதாதையான ஒரு வாத்தியம் பேச, வயலின் கூட்டம் பதில் சொல்கிற இசை. அந்தக் காலத்துப் பெரிய பெயர்களை ஊரே பதிவு செய்துவிட்டது. இந்த மனிதரை ஒருவரும் தொடவில்லை. நான் வியாபாரி. கேட்டேவிட்டேன்: "யாரும் தேடாத சரக்கை எதுக்கு சார் அடுக்கணும்?"

"நீங்க சாமை வெச்ச அன்னிக்கு யாராவது தேடி வந்தாங்களா? கண்ணுல படற மாதிரி வெச்சீங்க. அப்புறம்தானே வாங்க ஆரம்பிச்சாங்க?"

என் சரக்கை வைத்தே என்னை மடக்கியவர் அவர் ஒருவர்தான். செவ்வாய்க்கிழமைகளை அவருக்குக் கொடுத்தேன். செவ்வாயில் நம்மவர்கள் விசேஷம் வைப்பதில்லை. ஹால் சும்மாதான் கிடக்கும்.

முதல் நாளே சமையற்கட்டுக் கூலரோடு, அதாவது தயிரும் பூவும் வைக்கிற குளிர் அறையோடு, தகராறு. அந்தப் பழைய வாத்தியத்தை வாசிக்க வந்த எலன் என்ற பள்ளி ஆசிரியை அருமையாகத்தான் வாசித்தார். ஆனால் மூன்று கான்செர்ட்டோக்களிலும் மெதுவான பகுதியில் எல்லா வாத்தியமும் நின்று ஒரு மூச்சு விடுகிற இடம் வருகிறது. "அங்கேதான் உங்க கூலர் பாடுது, முதலாளி. அதுவும் அபஸ்வரமா." சார் கூலரை அணைத்தார். அடுத்து அவர் செய்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கார்ச் சாவியைக் கொண்டுபோய்க் கூலருக்குள் தயிர் அடுக்கில் வைத்தார்.

"சிரிக்காதீங்க. திரும்பப் போட மறந்துட்டா உங்க தயிரும் மல்லிகையும் போச்சு. சாவி உள்ளே இருந்தா நான் எப்படி வீட்டுக்குப் போவேன்?"

தன் ஞாபகசக்தியை நம்பாத ஆளை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். அன்றே ஹால் சாவியில் ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

முதல் கான்செர்ட்டோ வெளிவந்ததும் என்னை உட்காரவைத்துக் கேட்கச் செய்தார். "நல்லாயிருக்கு சார்" என்றேன்.

"பொய். நடுவுல போனைப் பார்த்தீங்க."

"சரி. ஆரம்பம் ரொம்பச் சுத்தி வளைக்குது. மெதுவா போற இடம் பிடிச்சுது."

மனிதருக்கு அப்படியொரு சந்தோஷம். "கரெக்ட்! ஆரம்பத்துல அவர் சோம்பேறித்தனமா எழுதியிருக்கார். மேதைன்னு நான் சொல்லவே இல்லையே. கேட்டுட்டு வேண்டாம்னு சொல்லுங்க. கேக்காமலே சொல்லாதீங்க." எத்தனையோ பேரை நான் முகத்தைப் பார்த்தே ஒதுக்கியிருக்கிறேன். இப்போது கொஞ்சம் நிதானிக்கிறேன்.

இரண்டாவது கான்செர்ட்டோவின்போது அவருக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. நித்யாதான் காரில் கொண்டுவந்து விட்டாள். மறுநாள் கல்யாணம். கூலர் நிறையச் சரக்கு. கூலரை அணைத்த பிறகு மெதுவான பகுதியின் பதிவு சரியாக அமையாமல் இழுத்துக்கொண்டே போனது. "போதும், கூலரைப் போடுங்க. பால் கெட்டுடும்" என்று எழுந்துவிட்டார். நான் பையன்களைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் குளிர்சாதன லாரிக்கு மாற்றி, லாரியைத் தெருக்கோடிக்கு அனுப்பினேன். "இப்ப எடுங்க சார்" என்றேன். அவர் மகளிடம் கை நீட்டினார்.

"அப்பா, சீரியஸ்லி? உள்ள ஒண்ணுமே இல்ல!"

"பழக்கம் சரக்கைப் பார்த்து மாறக்கூடாதும்மா. சாவியைக் குடு."

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது, "மூணாவது நின்னுடும் போல, முதலாளி" என்றார். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. "பாதி லோடை இறக்கிட்டு லாரியை அனுப்பற வழக்கம் என்கிட்ட இல்ல சார்" என்றேன்.

"கூலரை யார் அணைப்பா?"

"நான்தான்."

விரலைத் தூக்கினார். பேசத் தெம்பில்லை. "சாவியை வெச்சுடுவேன் சார்" என்றேன். விரல் இறங்கியது.

வருகிற செவ்வாய்க்கிழமை மூன்றாவதைப் பதிவு செய்கிறோம். எலன் வருகிறார். மைக்குகளை எங்கே வைக்கவேண்டும் என்பது நித்யாவுக்குத் தெரியும். அவரை அறிந்தவர்கள் யாரும் வரலாம். போனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

அவருடைய ஒலித்தட்டுகளில் வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள் நித்யா. வேண்டாம் என்றேன். எனக்கானதை அவர் முன்பே கொடுத்துவிட்டார். காலையில் கூலரை அணைப்பேன். என் வேன் சாவியைத் தயிர் அடுக்கில் வைத்துவிட்டு வந்து கதவோரம் உட்காருவேன். எல்லா வாத்தியமும் நின்று மூச்சு விடும் அந்த இடத்தில், ஹாலில் ஒரு சத்தம் இருக்காது.