வஹீதா தேடிய பி பாசிட்டிவ்

வஹீதாவுக்குத் தன் வேலைமேல் இருக்கும் நம்பிக்கை எனக்கு என் பெயர்மேல்கூட இல்லை. மலைக்கோட்டைக்குக் கீழே, ஜவுளிக்கடை மாடியில் எங்கள் சாப்ட்வேர் ஆபீஸ். அவளுக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. எதைக் கேட்டாலும், "சுபா, அது ஓடும்" என்பாள். பாதி நாள் எரிச்சலாக வரும். அவள் சொன்னபடியே ஓடியும் விடும், அதுதான் பெரிய எரிச்சல்.

ரத்தம் கொடுப்பவர்களைத் தேடித் தரும் இணையப் பக்கம் ஒன்றைச் சம்பளம் வாங்காமல் செய்திருந்தாள். ரத்தப் பிரிவையும் ஏரியாவையும் கொடுத்தால் பெயரும் போன் நம்பரும் வரும். திறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை லூர்துராணி என்பவர் அவளுக்குப் போன் செய்தார்; வஹீதா ஸ்பீக்கரில் போட்டாள்.

"வீட்டுக்காரருக்கு மத்தியானம் ஆபரேஷனுங்க. பி பாசிட்டிவ் ஆள் கூட்டிட்டு வரச் சொல்றாங்க. துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். எடமலைப்பட்டி புதூர்னு போட்டா யாருமே இல்லைன்னு வருதுங்க."

"லைன்லயே இருங்கம்மா."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அவள் எழவில்லை. பக்கம் டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளையை எடுத்துப் பார்த்தாள். பிரிவும் ஏரியாவும் வர வேண்டிய இடத்தில் இரண்டு கேள்விக்குறிகள். யாராவது தேடும்போதுதான் விவரம் அங்கே போய் உட்காரும். அந்த ஏரியாவையும், பி பாசிட்டிவ் என்பதற்கு 'பி+' என்றும் தன் கையாலேயே போட்டு ஓட்டினாள். ஆறு பெயர் வந்தது.

"கட்டளை சரி. உள்ள போறதுலதான் கோளாறு."

உள்ளே போவதைத் திரையில் காட்ட வைத்தாள். 'பி' மட்டும் இருந்தது. இணைய முகவரியில் கூட்டல் குறி என்றால் வெற்றிடம் என்று அர்த்தம்; அதன் வழியாகப் போனதில் அது வெற்றிடமாக மாறியிருந்தது.

"நீ சோதிச்சே பார்க்கலையா?" கத்தியே விட்டேன்.

"இருபது தடவை பார்த்தேன். எல்லாம் என் குரூப்பைப் போட்டு."

அவள் ஓ நெகட்டிவ், அதாவது 'ஓ-'. கழித்தல் குறிக்கு வழியில் ஒன்றும் ஆவதில்லை. அவள் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததே இல்லை. பாவமாக இருந்தது.

ஒரே ஒரு வரியைத் திருத்தினாள். இணையப் பக்கத்தில் ஆறு பெயரும் வந்து நின்றன.

"முதல் பேரு பீமராவ். நம்பர் எழுதிக்கங்க."

"தையக்கடை பீமராவா? எங்க எதிர்வீடுங்க!"

"மன்னிச்சிடுங்கம்மா. நாலு நாளா அவர் லிஸ்ட்லதான் இருக்கார். நான்தான் மறைச்சு வெச்சிருந்தேன்."

அதைக் கேட்க அந்தப் பக்கம் ஆள் இல்லை. கேட் திறக்கும் சத்தமும், "பீமராவ் அண்ணே!" என்ற குரலும் மட்டும் போனில் கேட்டன.