தயிர்ச்சட்டிகளின் நிறை

நாங்கள் இருவரும் கண்டி வீதியை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது விமானம் தலைக்கு மேலால் போனது. என்னோடு வந்தவர் நின்று அண்ணாந்து பார்த்தார். அவர் அதில் இருந்திருக்க வேண்டியவர். நான் அதற்குச் சாமான் ஏற்றுகிறவன், அன்று காலை வரை. விமானம் கடற்குடாவின் மேல் ஒருமுறை சரிந்து வடக்கே திரும்பியது.

"தம்பி, அதுக்குள்ள எத்தனை சட்டி கிடக்கு?"

"ஒரு இருபது, இருபத்தைஞ்சு வரும் அண்ணை."

"ம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் பூட்டியிருந்தார்.

யாழ்ப்பாணத்துக்குப் போய்வரும் சின்ன விமானம் அது. கம்பனியும் சின்னது. ஆட்களையும் சாமான் போலத் தராசில் ஏற்றி நிறை பார்த்த பிறகுதான் உள்ளே விடுவோம். உத்தியோகத்தர்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஏறுவார்கள், அதனால் நிறை குறையும் என்பதுபோல. நிறுப்பதும் ஏற்றுவதும் என் வேலை. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அது நல்ல வேலைதான். அதற்கு முன் இறக்கக்கண்டியில் வலை இழுத்தேன், தம்பலகாமத்தில் உழவு மெசினோடு திரிந்தேன். எங்கும் நிலைத்ததில்லை.

அவர் சம்பூரில் தோட்டம் செய்கிறவர். யாழ்ப்பாணத்தில் தங்கையோடு இருந்த அவருடைய தாய் முதல் நாள் மாலை இறந்துபோனார். அவர் ஒரே ஆண்பிள்ளை, கொள்ளி அவர்தான் வைக்க வேண்டும். மத்தியானத்துக்குப் பிறகு நேரம் சரியில்லை என்று ஐயர் சொல்லிவிட்டாராம். பஸ்ஸில் போனால் பின்னேரமாகிவிடும். விமானத்தில் போனால் தேத்தண்ணி குடிக்கவும் நேரமிருக்கும்.

எல்லோருடைய நிறையும் பார்த்து முடிந்த பிறகு விமானி வந்தார். காற்றில்லை, வெக்கை அதிகம், இவ்வளவு பாரத்தோடு எழும்பாது, ஒரு ஆளின் நிறையைக் குறைக்க வேண்டும் என்றார். மனேஜர் வரிசையைப் பார்த்தார். வேட்டியோடு தனியாக நின்றவர் இவர் ஒருவர்தான்.

"ஐயா, நீங்கள் நாளைக்குப் போங்கோ. இதே டிக்கெட் காணும், புதுசு எடுக்கத் தேவையில்லை."

அவர் பையை என் கையில் தந்தார். செருப்பையும் சட்டையையும் கழற்றிவிட்டுத் திரும்பவும் தராசில் ஏறினார்.

"இப்ப பாருங்கோ தம்பி. கொள்ளி வைக்க வேட்டி மட்டும் காணும்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். முள் கொஞ்சம் இறங்கியது. அது போதாது.

விமானத்தின் பின்பக்கம் முழுக்கத் தயிர்ச்சட்டிகள். யாழ்ப்பாணத்தில் மனேஜருக்கு வேண்டிய ஒருவர் வீட்டில் கலியாணம்.

"சேர், சட்டியளை இறக்கினால் இவர் போகலாம்."

"ஐசே, அது நாளைக்குப் புளிச்சுப்போகும்."

"பிணமும் நாளைக்குக் கிடவாது சேர்."

"நீ தூக்கிற ஆளா, தீர்மானிக்கிற ஆளா?"

நான் போய்ச் சட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினேன். மனேஜர் மற்ற வேலையாளைக் கூப்பிட்டார். நான் இறக்க இறக்க அவன் ஏற்றினான். அவனுக்கு மூன்று பிள்ளைகள், அவன்மேல் எனக்குக் கோபமில்லை. கடைசியில் மனேஜர் என் கழுத்தில் தொங்கிய அட்டையைக் கேட்டார், கழற்றிக் கொடுத்தேன். மற்றவர்கள் ஏறினார்கள். என் இடத்தில் இவர் போகட்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவரவருக்கு அவரவர் அவசரம் இருந்திருக்கும்.

வீதிக்கு வந்ததும் அவருடைய போன் அடித்தது. தங்கை.

"இல்லைப் பிள்ளை, பிளேனில இடமில்லையாம். ஓம். மருமகன் வைக்கட்டும். என்னைப் பாத்துக்கொண்டிருக்காதேங்கோ. வேண்டாம், போனில காட்டாதை. அம்மாவை நான் போனில பாக்கமாட்டன்."

போனை மடிக்குள் வைத்தார். பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, ஏன் அந்தச் சட்டியளை அவ்வளவு பக்குவமா இறக்கி வைச்சனீர்? போட்டு உடைச்சிருந்தால் திருப்பி ஏத்தியிருக்க மாட்டாங்கள் எல்லோ?"

எனக்கு அது தோன்றவேயில்லை. சட்டியைத் தூக்கினால் கை தானாகவே அடியைத் தாங்கும், மெல்ல வைக்கும். அப்படித்தான் பழகியிருக்கிறேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. நகரத்துக்குப் போய் யாழ்ப்பாண பஸ்ஸைப் பிடிக்க ஏறிவிட்டார். எல்லாம் முடிந்த வீட்டுக்குத்தான் போகிறார்.

நான் வீதியைக் கடந்து எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். தம்பலகாமத்தில் பழைய மெசின்காரர் வீட்டு விறாந்தையில் படுத்தேன்.

மறுநாள் விடிந்ததும் கண்டி வீதி ஓரத்துத் தயிர்க்கடைக்குப் போய் வேலை கேட்டேன். கடைக்காரர் கிண்ணியா முஸ்லிம், அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவோம்.

"சட்டி தூக்கிப் பழக்கமா தம்பி?"

"ஓம் காக்கா. உடையாமல் தூக்குவன்."

சட்டிகளின் வாயை மூடிக் கயிறு கட்டி லொறியில் அடுக்குவது வேலை. முதல் லொறி யாழ்ப்பாண விமானத்துக்குப் போகிறதென்று அவர் சொன்னார். கட்டத் தொடங்கினேன்.